34 வீடுகளும் ஒரு வாய்க்காலும்

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வாசலில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். உள்ளே 34 பாரிஷ் இதழ்கள், ஊர்த் தேவாலயம் மாதாமாதம் வெளியிடும் சின்னப் பத்திரிகை. பள்ளிக்கூட நோட்டு அளவு, நடுவில் இரண்டு பின், அட்டையில் அந்தப் பருவத்துக்கு ஏற்ற ஒரு கோட்டோவியம். சனிக்கிழமை மதியத்துக்குள் 34 வீட்டுக் கதவுகளிலும் அவற்றைப் போட்டுவிடுவது என் பொறுப்பு. 2018 அக்டோபரிலிருந்து செய்கிறேன். இங்கிலாந்துக் கிராமத்துக்குக் குடிபோகிற தமிழ்க் குடும்பங்கள் அவ்வப்போது எனக்குப் போன் செய்து, அங்கே எப்படி இருப்பது என்று கேட்பார்கள். பெரும்பாலும் மருத்துவமனை வேலைக்கு வருகிறவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஹெரிஃபோர்ட்ஷயர், வேல்ஸ் எல்லையோரம். லெம்ஸ்டருக்குத் தெற்கே, லக் ஆற்றை ஒட்டிய கிராமம். லெம்ஸ்டர் என்பதை ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்தால் லியோமின்ஸ்டர் என்றுதான் வரும். இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. மண் நல்ல சிவப்பு. உழுத வயலை முதல் முறை பார்த்தபோது புதுக்கோட்டைப் பக்கம் வந்துவிட்ட மாதிரி இருந்தது. சைடர் ஆப்பிள் தோப்புகள், முகம் மட்டும் வெளுத்த செம்பழுப்பு மாடுகள், ஆளுயர வேலிச்செடிகளுக்கு நடுவே ஒரே ஒரு வண்டி போகிற சந்துச் சாலைகள். ஊரில் சுமார் 300 பேர். கடை இல்லை. தேவாலயம், பொது மண்டபம், வாரத்தில் நான்கு நாள் திறக்கும் பப், ஒரு சிவப்புத் தொலைபேசிக் கூண்டு. கூண்டுக்குள் இப்போது போன் கிடையாது, நின்றுபோன இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் இருக்கிறது. பயன்படாத கூண்டுகளை 2008 முதல் ஒரு பவுண்டுக்கு ஊராருக்கே கொடுத்துவிடுகிறார்கள். பெட்டி பூட்டியிருந்தாலும் 999-ஐ அழைத்தால் திறக்கும் எண்ணைச் சொல்வார்கள். குடிவந்த முதல் வாரமே உங்கள் ஊரில் அது எங்கே இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும்.

2016-ல் கணவருக்கு ஹெரிஃபோர்டில் வேலை கிடைத்து வந்தோம். முதல் இரண்டு வருடம் எனக்கு இந்த ஊர் ஊமையாக இருந்தது. யாரும் முகம் சுளித்ததில்லை. சந்தில் எதிரே வரும் காரை ஓட்டுகிறவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டுவார், அதுதான் வணக்கம். ஆனால் எந்தச் சேதியும் எங்களை வந்து சேரவில்லை. சாலையை மூடப்போகிறார்கள் என்பது மூடிய பிறகுதான் தெரியும். சூடேற்றும் எண்ணெய் விஷயத்தில் நிறையப் பணம் போனது. இந்தப் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றுக்கு எரிவாயுக் குழாய் கிடையாது. தோட்டத்தில் ஒரு தொட்டி, அதில் எண்ணெய், அதில்தான் வீடு சூடாகும். வழக்கமாக 500 லிட்டருக்குக் குறைவாகக் கொண்டுவர மாட்டார்கள். இரண்டு குளிர்காலம் நான் தனியாக ஆர்டர் செய்து, சொன்ன விலையைக் கொடுத்தேன். ஊரில் பல வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் வாங்கி, லிட்டருக்கு நல்ல குறைவான விலையில் முடித்துக்கொண்டிருந்தன. இதை என்னிடமிருந்து யாரும் மறைக்கவில்லை. பாரிஷ் இதழின் கடைசிப் பக்கத்தில் மாதாமாதம் தேதியோடு போட்டிருந்தார்கள். தேவாலயத்து வெளியீடு, நமக்கென்ன என்று நான் அதைப் பிரிக்காமலேயே மறுசுழற்சிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

பாரிஷ் என்ற சொல்தான் குழப்பம். அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி. இன்னொன்று, நம் கிராம ஊராட்சி மாதிரி அரசு அமைப்பின் கடைசிப் படி. 1894-ல் வந்த சட்டம் இரண்டையும் பிரித்து, தேவாலயத்தோடு சம்பந்தமில்லாத பாரிஷ் கவுன்சிலை உண்டாக்கியது. நாடாளுமன்றத் தேர்தலில் பெண்கள் ஓட்டுப்போட 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாரிஷ் கவுன்சிலிலோ 1894-லேயே, மணமான பெண்களும் சேர்த்து, ஓட்டுப்போடலாம், போட்டியிடலாம் என்று அந்தச் சட்டம் சொல்லிவிட்டது. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு இந்தச் சின்ன அமைப்பின் மேல் தனி மரியாதை வந்தது. இதழின் வரலாறு இன்னும் பழையது. டெர்பி நகரத்துப் பாதிரியார் ஜான் எர்ஸ்கின் கிளார்க் 1859-ல் தொடங்கிய இதழைத்தான் இவற்றுக்கெல்லாம் முன்னோடி என்பார்கள். இப்போது எங்கள் இதழில் பிரார்த்தனை நேரம் இரண்டு பக்கம். மீதி முழுக்க ஊர்ச் சமாச்சாரம்: கவுன்சில் கூட்டச் சுருக்கம், மண்டபத்தில் என்ன நிகழ்ச்சி, நடமாடும் நூலகம் வரும் நாள், புகைபோக்கி சுத்தம் செய்கிறவரின் எண், காணாமல் போன பூனை. நீங்கள் இந்துவோ முஸ்லிமோ, அதை வாங்கிப் படியுங்கள்.

2018-ல் அந்த இதழிலேயே ஒரு துண்டு அறிவிப்பு: எங்கள் சந்துக்கு இதழ் போட ஆள் தேவை, இதுவரை போட்டவருக்கு முழங்கால் முடியவில்லை. எண்ணைக் கூப்பிட்டேன். அன்று சாயங்காலமே ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை பையையும் பட்டியலையும் கொண்டுவந்து கொடுத்தார். அவர்தான் இதழின் ஆசிரியரும். பட்டியலில் வீட்டு எண்கள் இல்லை. கிராமத்து வீடுகளுக்குப் பெயர்தான். பெயருக்குப் பக்கத்தில் பென்சிலில் குறிப்புகள். 'பின்வாசலில் போடவும், முன்கதவு ஊதிவிட்டது.' 'நாய் குரைக்கும், கடிக்காது.' 'மணி அடித்துக் காத்திருக்கவும், மெதுவாகத்தான் வருவார்.'

அந்தக் கடைசிக் குறிப்பு எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. காத்திருந்தால் கதவு திறக்கும், திறந்தால் இரண்டு வார்த்தை பேச்சு. தட்பவெப்பம் பற்றித்தான் தொடங்கும். அதைச் சம்பிரதாயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். விவசாய ஊரில் மழை பற்றிய பேச்சு உண்மையிலேயே மழை பற்றியதுதான், மன்னார்குடிப் பக்கத்தில் என் அப்பா பேசியதைப் போல. ஒரு வருடத்துக்குள் யாருக்கு எப்போது அறுவை சிகிச்சை, யார் மகன் எந்த ஊரில், யார் வீட்டில் ராத்திரி விளக்கு எரியும் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. நான் எதையும் கேட்கவில்லை. இங்கே நோயைப் பற்றி நேரடியாகக் கேட்கக் கூடாது. 'எப்படிச் சமாளிக்கிறீர்கள்' என்று கேட்டால் போதும், சொல்ல நினைத்ததை அவர்களே சொல்வார்கள். கேட்டதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகவும் கூடாது. ஒரு முறை ஒருவர் இறந்த சேதியை நான் குடும்பத்தாருக்கு முந்திக்கொண்டு அடுத்த வாசலில் சொல்லிவிட்டேன். ஊரில் துக்கச் சேதி சொல்லி அனுப்புவது கடமை என்று வளர்ந்தவள் நான். இங்கே அது குடும்பம் தீர்மானிக்க வேண்டிய விஷயம். அந்த வீட்டு மகளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் இன்றும் உறுத்துகிறது.

இப்போது வாய்க்காலுக்கு வருகிறேன்.

எங்கள் சந்தின் ஓரமாக ஒரு வாய்க்கால் ஓடுகிறது. ஒரு இடத்தில் சாலைக்கு அடியில் குழாய்ப் பாலம் வழியாக மறுபக்கம் போய், வயல் தாண்டி லக் ஆற்றில் சேரும். இதழ் போடப் போகும்போதெல்லாம் அந்தக் குழாயின் வாயைப் பார்ப்பேன். டெல்டாவில் பிறந்தவளுக்கு அடைத்த மதகைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியாது. 2019 இலையுதிர்காலத்தில் கிளையும் இலையும் மண்ணுமாகக் குழாயில் முக்கால்வாசி அடைத்திருந்தது. அக்டோபர் கடைசியில் பெய்த மழைக்கே தண்ணீர் சாலையில் ஏறியது.

நவம்பரில் கவுன்சில் கூட்டத்துக்குப் போனேன். மண்டபத்தில் மாலை 7:30. பொதுமக்கள் பேசும் நேரத்தில் எழுந்து வாய்க்கால் பற்றிச் சொன்னேன். தலைவர் 'நன்றி' என்றார். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. வெளிநாட்டுக்காரி சொன்னதால் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று நினைத்து அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

விஷயம் வேறு. சட்டப்படி, நிகழ்ச்சி நிரலில் இல்லாத எதைப் பற்றியும் கவுன்சில் முடிவெடுக்க முடியாது. நிரலைக் கூட்டத்துக்கு மூன்று முழு நாள் முன்பே ஒட்டிவிட வேண்டும். நான் எழுந்து சொன்னதைக் கேட்டுக்கொள்ளலாம், அன்றைக்கு எதுவும் செய்ய முடியாது. மூன்று மாதம் கழித்து கவுன்சிலின் கிளார்க் இதைச் சொன்னார். கிளார்க்தான் பாரிஷின் ஒரே சம்பளக்காரர், அதுவும் பகுதி நேரம். கவுன்சிலர்கள் எல்லாரும் சம்பளமில்லாமல் வருகிறவர்கள். 'கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னால் எனக்கு எழுதுங்கள். படம், இடம், தேதி, என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள், நாலு வரி போதும். நிரலில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்' என்றார். அவர் இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம் என்று எனக்கு வருத்தம் உண்டு. நீங்களாவது முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த மூன்று மாதத்துக்குள் டெனிஸ் புயல் வந்தது. 2020 பிப்ரவரி 15, சனிக்கிழமை. இரவு முழுக்க மழை. அதிகாலை நாலரைக்குக் கரண்ட் போனது. கணவர் டார்ச்சோடு வெளியே போய்ப் பார்த்துவிட்டு, 'சந்து ஆறாகிவிட்டது' என்றார். குழாய் முழுக்க அடைத்து, வாய்க்கால் தண்ணீர் அத்தனையும் சாலை வழியாகத் தாழ்ந்த பக்கத்து மூன்று வீடுகளை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது என் கைக்கு வந்தது இதழ்ப் பட்டியல். எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார், யாருக்குக் காது கேட்காது, யார் கீழ்த்தளத்தில் படுக்கிறார், எந்தக் கதவைத் தட்டினால் திறக்கும் என்பது எனக்குத் தெரியும். முன்கதவு ஊதிய வீட்டுக்கு நேராகப் பின்வாசலுக்குப் போனேன். மெதுவாக வரும் பாட்டிக்கு மணி அடித்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் டார்ச்சை என் முகத்தில் அடித்துக் காட்டினேன், யாரென்று தெரியாமல் பயந்துவிடக் கூடாது என்று. 'ஓ, நீயா கண்ணு' என்கிற மாதிரிதான் அவர் குரல் இருந்தது. பால்பண்ணைக்காரர் டிராக்டரை எடுத்துவந்தார். ஆறு பேரை மண்டபத்தில் சேர்த்தோம். மண்டபத்துச் சாவி யாரிடம் என்பதும் இதழின் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

விடிந்ததும் நானும் இன்னும் மூன்று பேரும் கொக்கிக் கம்பு வைத்துக் குழாயின் வாயிலிருந்து கிளைகளை இழுத்தோம். இதைச் செய்திருக்கக் கூடாது. ஓடுகிற தண்ணீர் ஆளைக் குழாய்க்குள் இழுத்துவிடும். அன்று ஒன்றும் ஆகவில்லை, அவ்வளவுதான். மூன்று வீட்டிலும் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் ஏறியது. அந்தத் திங்கட்கிழமை ஹெரிஃபோர்ட் பாலத்தில், லக் போய்ச் சேரும் வை ஆறு 6.11 மீட்டர் தொட்டது. அங்கே அதுவரை பதிவானதிலேயே அதுதான் அதிக உயரம். அதன் முன்னால் எங்கள் வாய்க்கால் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த மூன்று வீட்டுக்குள் போன தண்ணீர் ஆற்றுத் தண்ணீர் அல்ல, அடைத்த குழாயின் தண்ணீர்.

கரண்ட் போனால் நாடு முழுக்க 105 என்ற எண். வீட்டில் வயதானவரோ கைக்குழந்தையோ இருந்தால் மின்விநியோக நிறுவனத்தின் முன்னுரிமைப் பட்டியலில் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காசு கிடையாது.

வெள்ளத்துக்குப் பிறகு முறைப்படி எழுதினேன். அப்போதுதான் இந்த ஊரின் தண்ணீர்க் கணக்கு எனக்குப் புரிந்தது. வாய்க்காலை ஒட்டி நிலம் வைத்திருக்கிறவருக்கு, தண்ணீர் தடையில்லாமல் ஓடும்படி பார்த்துக்கொள்ளும் கடமை உண்டு. சாலைக்கு அடியில் போகும் குழாயும் சாலை வடிகாலும் ஹெரிஃபோர்ட்ஷயர் கவுன்சிலின் நெடுஞ்சாலைத் துறைக்கு. பெரிய ஆறுகளை வெள்ளத்துக்காகக் கவனிப்பது சுற்றுச்சூழல் முகமை. பாரிஷ் கவுன்சிலுக்குக் கட்டாயம் எதுவும் இல்லை, செய்யலாம் என்ற அதிகாரம் மட்டும் உண்டு. ஆக, ஒரே வாய்க்காலுக்குப் பத்து கஜத்துக்கு ஒரு பொறுப்பாளி. ஒருவருக்கு எழுதிவிட்டுக் காத்திருந்தால், அவர் அடுத்தவரைக் காட்டுவார். எல்லாருக்கும் ஒரே கடிதத்தை, ஒரே படத்தோடு, ஒரே நாளில் அனுப்புவதுதான் வழி. முதல் வரியில் நான் வெள்ளத் தேதியையும் வீடுகளின் எண்ணிக்கையையும் போட்டேன்.

எங்கள் மாவட்டத்தில் லெங்த்ஸ்மேன் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. சாலையோரப் புல், வடிகால், சின்ன வாய்க்கால் இவற்றைப் பார்த்துக்கொள்ள பாரிஷ் அமர்த்தும் உள்ளூர் ஆள். பழைய வேலை இது. 1555-லேயே ஒவ்வொரு பாரிஷும் தன் சாலையைத் தானே செப்பனிட வேண்டும், ஊரார் வருடத்தில் நான்கு நாள் உழைப்பைத் தர வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். படித்ததும் எனக்குக் குடிமராமத்துதான் ஞாபகம் வந்தது. இப்போது எங்கள் குழாயின் வாயைத் தூர்வாருவது அக்டோபரிலும் ஜனவரியிலும் என்று லெங்த்ஸ்மேனின் தாளில் எழுதியிருக்கிறது. அந்த ஒரு வரியை எழுதவைக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

ஒரு எச்சரிக்கை. ஊர் வாய்க்கால் என்கிற நினைப்பில் ஆற்றில் கைவைத்துவிடாதீர்கள். இதே லக் ஆற்றில் 2020 கடைசியில் ஒரு விவசாயி ஒன்றரை கிலோமீட்டர் அளவுக்குக் கரையை இயந்திரம் வைத்து வாரி, மரங்களையும் எடுத்துவிட்டார். வெள்ளத்தைத் தடுக்கவே செய்ததாக அவர் சொன்னார். 2023-ல் நீதிமன்றம் அவருக்கு 12 மாதச் சிறை விதித்தது. கரை வேரிலும் கூழாங்கல் படுகையிலும் எத்தனை உயிர்கள் இருக்கின்றன என்பதை அந்த வழக்குக்குப் பிறகுதான் எங்கள் ஊரே பேசத் தொடங்கியது.

புயலுக்கு அடுத்த மாதமே கொரோனா முடக்கம். அதே பட்டியலை வைத்து மருந்து வாங்கிக் கொடுத்தோம். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, எல்லா ஊரிலும் நடந்ததுதான்.

ஓட்டு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த் நாடுகள். செல்லுபடியாகும் விசாவோடு இங்கே குடியிருக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்கள், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லாமலேயே, வாக்காளராகப் பதிந்து எல்லாத் தேர்தலிலும் ஓட்டுப்போடலாம். வாக்குச்சாவடியில் அடையாளத்துக்கு நம் பாஸ்போர்ட்டே செல்லும். கவுன்சிலராக நிற்பதற்கு, காலவரையறை இல்லாமல் இங்கே குடியிருக்கும் அனுமதி வேண்டும். எனக்கு அது 2021-ல் கிடைத்தது. மறு வருடம் ஒரு இடம் காலியானது. காலியிட அறிவிப்பு வந்து 14 வேலை நாளுக்குள் பத்து வாக்காளர்கள் கேட்டால் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். யாரும் கேட்கவில்லை என்றால் கவுன்சிலே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும். கிளார்க் என்னைக் கூப்பிட்டு, 'நீங்கள் எழுதிய கடிதங்களை நான்தானே கோப்பில் வைத்திருக்கிறேன், விண்ணப்பியுங்கள்' என்றார். 2023 மே தேர்தலில் இடங்களைவிட ஆள் குறைவு, போட்டியில்லாமலே வந்தோம். பல கிராமங்களில் இதுதான் நிலை. ஆள் இல்லாமல் நாற்காலிகள் கிடக்கின்றன.

கவுன்சிலர் ஆகாமலும் செய்ய நிறைய உண்டு. மார்ச் 1-க்கும் ஜூன் 1-க்கும் இடையில் வருடாந்திர பாரிஷ் கூட்டம் நடக்கும். அது கவுன்சிலின் கூட்டமில்லை, வாக்காளர்களின் கூட்டம், நம் கிராம சபையைப் போல. அங்கே நீங்கள் பேசலாம், கை தூக்கலாம். ஆறு வாக்காளர்கள் சேர்ந்தால் தனியாகவே ஒரு பாரிஷ் கூட்டத்தைக் கூட்டலாம்.

கட்டட அனுமதி விண்ணப்பங்களுக்குக் கருத்துச் சொல்ல 21 நாள். 'எங்கள் ஜன்னல் காட்சி போய்விடும்', 'வீட்டு விலை இறங்கும்' என்று எழுதினால் அது கணக்கில் வராது. வடிகால், சாலைப் பாதுகாப்பு, பக்கத்து வீட்டுக்கு வெளிச்சம் மறைவது, ஆற்று மாசு இவைதான் எடுபடும். எங்கள் பக்கத்தில் ஆற்று மாசு பெரிய சேதி. வை ஆற்றுப் படுகையில் 2 கோடிக்கு மேல் கோழிகள் வளர்கின்றன. அந்த எருவின் பாஸ்பேட்டும், கழிவுநீர் நிலையங்களிலிருந்து வருவதும் சேர்ந்து ஆற்றைப் பச்சையாக்குகின்றன. 2019 முதல் லக் படுகையில் புது வீடுகளுக்கான அனுமதியே இதனால் முடங்கியது. இங்கே ஆற்றோரக் கிராமங்களில் தன்னார்வலர்கள் வாளியில் தண்ணீர் மொண்டு சோதிக்கிறார்கள். நானும் மாதம் இரண்டு முறை போகிறேன். சோதனையில் வந்த எண்ணைக் குறித்து அனுப்பினால் அது ஆற்றின் பதிவேட்டில் ஏறும். ஒரு எண்ணால் ஒன்றும் ஆகாது, தெரியும். ஆனால் மூன்று வருட எண்களை வரிசையாக மேசையில் வைத்தபோது ஒரு அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மெதுவாக வரும் அந்தப் பாட்டி போன வருடம் காலமானார். சேதியை இந்த முறை அவர் மகன் சொல்லும்வரை நான் யாரிடமும் பேசவில்லை. அந்த மகனே கேட்டுக்கொண்டதால் இதழில் நான்தான் பத்து வரி எழுதினேன்.

அறிவிப்புப் பலகையின் சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. சமையலறையில் கடுகு டப்பாவுக்கு மேலே ஒரு ஆணியில் தொங்கும். அடுத்த கூட்டம் புதன்கிழமை. மூன்று முழு நாள் என்றால் ஒட்டுகிற நாளும் கூட்ட நாளும் சேராது, ஞாயிறும் சேராது. அதனால் வெள்ளிக்கிழமைக்குள் ஒட்டியாக வேண்டும். இதழ்ப் பெட்டி வருவதும் அன்றைக்குத்தான். நிரலில் ஆறாவது வரி, குழாய்ப் பாலம், ஜனவரித் தூர்வாரல்.